ஓடு என்று சொல்லும் புத்தகம்

தாமஸ் ஃப்ரீட்மனின் 'தி வேர்ல்ட் இஸ் ஃப்ளாட்' 2005-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் பொறியியல் படித்த என் தலைமுறையில் அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. அதன் கருத்தைக் காதில் வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு வந்தவர்கள், ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர்கள், முதல் வேலையில் ஓரியன்டேஷன் எடுத்த ஹெச்.ஆர். அதிகாரிகள், எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ அதிலிருந்துதான் பேசினார்கள். "உன் போட்டி பக்கத்து பெஞ்ச்ல இல்ல தம்பி, பிலிப்பைன்ஸ்ல இருக்கு, போலந்துல இருக்கு. ஓடிக்கிட்டே இருக்கணும்." இப்போது செயற்கை நுண்ணறிவைக் காட்டி அதே வாக்கியங்களைப் புதுச் சட்டை போட்டு அனுப்புகிறார்கள். பிலிப்பைன்ஸ் இருந்த இடத்தில் இயந்திரம் வந்திருக்கிறது. ஓடச் சொல்வது மட்டும் மாறவில்லை.

அதனால் அந்தப் பேச்சின் ஊற்றுக்கண்ணைத் தேடி, வெளிவந்து இருபது ஆண்டுகள் கழித்து, புத்தகத்தை மறுபடி எடுத்தேன். போட்டித்திறன் என்ற சொல் ஒரு நாட்டிடமிருந்து நிறுவனத்துக்கும், நிறுவனத்திடமிருந்து தனி ஆளுக்கும் எப்படி இறங்கி வந்தது என்று பார்க்க இதைவிடத் தெளிவான புத்தகம் எனக்குத் தெரியாது. ஏனென்றால் அந்த இறக்கத்தை ஃப்ரீட்மன் மறைக்கவே இல்லை. அதைத்தான் தன் கதையாகவே வைக்கிறார்.

அவர் கணக்கில் உலகமயமாதல் மூன்று கட்டம். 1492-இல் கொலம்பஸ் கப்பல் ஏறியதிலிருந்து 1800 வாக்கு வரை முதல் கட்டம். அப்போது உலகை இழுத்துச் சென்றவை நாடுகள். 1800-இலிருந்து 2000 வரை இரண்டாம் கட்டம். அது பன்னாட்டு நிறுவனங்களின் காலம். 2000-க்குப் பிறகு மூன்றாம் கட்டம். இப்போது உலகளவில் போட்டியிடுவது தனி மனிதர்கள். நாடு, கம்பெனி, ஆள் என்று மூன்று படி. ஒவ்வொரு படியிலும் உலகம் சுருங்குகிறது, மனிதனின் கையில் அதிகாரம் கூடுகிறது என்கிறார்.

முதலில் அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். 1995-இல் நெட்ஸ்கேப் பங்குச் சந்தைக்கு வந்ததும், டாட்காம் காய்ச்சலில் கடலடியில் அளவுக்கு மீறிப் போட்ட ஃபைபர் கேபிள்கள் பிறகு அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததும், அதன் வழியே பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலை வந்ததும் நடந்த கதை. அதை ஒரு பத்திரிகையாளனின் வேகத்தோடு அவர் சொல்கிறார். எங்கள் வீட்டுக்கு மாடி எழுந்தது அந்தக் கேபிளில் வந்த சம்பளத்தில்தான். தங்கை கல்லூரிக்குப் போனதும் அதில்தான். இந்தப் புத்தகத்தை வெறும் அமெரிக்கப் பிரச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தட்டையாகாத உலகத்தைப் பற்றியும் அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. வேலை இழப்பவர்களுக்கு ஊதியக் காப்பீடு, கம்பெனி மாறினாலும் கூடவே வரும் ஓய்வூதியம் என்று யோசனைகள் இருக்கின்றன. மனிதர் இரக்கமற்றவர் அல்ல.

என் சிக்கல் அவருடைய மொழியில் இருக்கிறது.

தட்டை என்ற பெயரடை

புத்தகம் பிறந்த கதையை அவரே சொல்கிறார். 2004-இல் பெங்களூரில் இன்ஃபோசிஸ் வளாகத்தில் நந்தன் நிலேகணியைச் சந்திக்கிறார். ஆடுகளம் சமப்படுத்தப்படுகிறது என்ற பொருளில் நிலேகணி ஏதோ சொல்கிறார். திரும்பும் வழியில் அதை அசைபோட்ட ஃப்ரீட்மனுக்குச் சட்டென்று பொறி தட்டுகிறது: அப்படியென்றால் உலகம் தட்டையாகிவிட்டது!

இந்தத் தாவலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 'சமப்படுத்தப்படுகிறது' என்பது செயப்பாட்டு வினை. யார் சமப்படுத்துகிறார்கள் என்று அதில் சொல்லவில்லை. ஆனால் கேட்க இடம் இருக்கிறது. ஆடுகளம் என்றால் விதி உண்டு, நடுவர் உண்டு, களத்துக்குச் சொந்தக்காரரும் உண்டு. 'தட்டை' என்று மாற்றியதும் அது ஒரு பெயரடை. வானம் நீலம், கடல் உப்பு, உலகம் தட்டை. செய்தவன் என்று ஒருவன் இருந்த தடமே இல்லை. புத்தகம் முழுக்க இந்த இலக்கணம்தான் ஓடுகிறது. உலகைத் தட்டையாக்கிய பத்துச் சக்திகள் என்று ஒரு பட்டியல் போடுகிறார். சுவர் விழுந்தது, மென்பொருள் வந்தது, வேலை வெளியே போனது. பெரும்பாலும் தானாக நடந்தவை போலவே எழுதப்பட்டிருக்கின்றன.

உலகம் உண்மையில் தட்டையா என்ற கேள்வியைப் பலர் அப்போதே கேட்டார்கள். பங்கஜ் கெமாவத் 2007-இல் 'ஃபாரின் பாலிசி' இதழில் எழுதிய கட்டுரை அதில் முக்கியமானது. தொலைபேசி அழைப்புகள், முதலீடுகள் என்று எதை அளந்தாலும் பெரும்பகுதி நாட்டு எல்லைக்குள்ளேயே நடக்கிறது என்று எண்களோடு காட்டினார். அந்த விவாதம் முடிந்த ஒன்று. எனக்குள்ள கேள்வி வேறு. உலகம் தட்டை என்று சொல்வதால் யாருடைய தோளில் என்ன ஏறுகிறது?

சாப்பாட்டு மேசையின் மறுபக்கம்

புத்தகத்தில் பலரும் மேற்கோள் காட்டுகிற ஓர் இடம். தான் சிறுவனாக இருந்தபோது, சீனாவிலும் இந்தியாவிலும் ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள், தட்டில் உள்ளதை மிச்சம் வைக்காமல் சாப்பிடு என்று பெற்றோர் சொன்னார்களாம். இப்போது தன் மகள்களிடம் அவர் சொல்வது: வீட்டுப்பாடத்தை முடி, சீனாவிலும் இந்தியாவிலும் உள்ளவர்கள் உன் வேலைக்காகப் பட்டினியோடு காத்திருக்கிறார்கள்.

அமெரிக்க வாசகருக்கு இது சுறுக்கென்ற ஒரு நகைச்சுவை. எங்களுக்கு? இரண்டு வாக்கியத்திலும் பட்டினி கிடப்பவர்கள் நாங்கள்தான். முதலில் பரிதாபத்துக்குரியவர்கள், பிறகு பயமுறுத்தப் பயன்படுகிறவர்கள். வேடிக்கை என்னவென்றால் இதே வசனத்தை நம் பயிற்சியாளர்கள் நமக்கே ஒப்பித்தார்கள், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் தன் பிள்ளைக்கு அடுத்த தேசத்தின் பட்டினியைக் காட்டுகிறார். எந்த மேசையிலும் அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை.

இதைவிட உறுத்தும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாத வேலையில் இருப்பவர்களுக்கு அவர் ஒரு பெயர் வைக்கிறார்: 'அன்டச்சபிள்ஸ்'. தீண்டப்படாதவர்கள். இந்தியாவில் அது கடைசித் தட்டைக் குறிக்கும் சொல், ஆனால் தட்டை உலகில் எல்லோரும் அப்படி ஆகவே ஆசைப்பட வேண்டும் என்று ஒரு சிரிப்போடு கடந்துபோகிறார். நாலு வகையையும் சொல்கிறார். அபூர்வத் திறமையாளர்கள், நிபுணர்கள், இடத்தோடு கட்டுண்ட வேலை செய்பவர்கள், சட்டென்று மாறிக்கொள்ளத் தெரிந்தவர்கள்.

கல்லூரியில் படித்தபோதே இந்தப் பக்கத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை. இந்த முறை சிரிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த மூன்றாம் வகையை மட்டும் எடுத்து நம் ஊரில் வைத்துப் பார்த்தேன். இடத்தோடு கட்டுண்ட வேலை என்றால் நம் ஊரில் அதற்கு முதல் உதாரணம் எது? சென்னையின் குப்பையைச் சென்னையில்தான் அள்ள முடியும். மணிலாவிலிருந்து அள்ள முடியாது. அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள், அதிலும் பெண்கள் அதிகம். ஃப்ரீட்மனின் அகராதியிலும் அவர்கள் 'தீண்டப்படாதவர்கள்', ஊரின் அகராதியிலும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அவர் சொன்னபடி பார்த்தால் உலகிலேயே பாதுகாப்பான வேலை அவர்களுடையது.

2025 ஆகஸ்டில் அவர்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளியே இரண்டு வாரத்துக்கு நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியை மாநகராட்சி தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது. சம்பளம் குறையும் என்பது அவர்களின் புகார். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. வேலை கடல் தாண்டிப் போகவில்லை. அதே தெரு, அதே குப்பை. மாறியது முதலாளியும் ஒப்பந்தமும்தான். வேலை தூரதேசம் போவது மட்டுமே ஆபத்து என்று எழுதிய புத்தகத்துக்கு, வேலை இருந்த இடத்திலேயே இருக்க, உரிமை மட்டும் போய்விடுவது எப்படி என்று தெரியவில்லை. தூரத்தை அளந்தவர் பேரம் பேசும் பலத்தை அளக்கவில்லை.

ஒரே சொல், மூன்று பொருள்

இனி அந்த மூன்று படிகளுக்கு வருவோம். நாடு, நிறுவனம், ஆள் மூன்றுக்கும் 'போட்டியிடுவது' ஒன்றுதானா?

நாடுகள் நிறுவனங்களைப் போலப் போட்டியிடுவதில்லை என்பதை ஃப்ரீட்மனுக்குப் பதினொரு ஆண்டு முன்பே பால் க்ருக்மன் எழுதிவிட்டார். 1994-இல் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரையில் போட்டித்திறன் மோகத்தை ஆபத்தானது என்றே அழைத்தார். பெப்சி விற்றால் கோக்குக்கு நஷ்டம். பெப்சி ஊழியர்கள் கோக் வாங்கி அதை ஈடுகட்டப் போவதில்லை. ஆனால் ஜப்பானும் அமெரிக்காவும் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களும்கூட. ஒரு நாட்டின் வாழ்க்கைத் தரம் பெரும்பாலும் அதன் உள்ளூர் உற்பத்தித்திறனைப் பொறுத்தது. தவிர, நாடு கடையைச் சாத்திக்கொண்டு போக முடியாது.

இதன் வேர் 1817-இல் டேவிட் ரிக்கார்டோ போட்ட கணக்கு. துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேர், போர்ச்சுகலுக்கு 90 பேர். ஒயின் தயாரிக்க இங்கிலாந்துக்கு 120 பேர், போர்ச்சுகலுக்கு 80 பேர். இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. ஆனாலும் போர்ச்சுகல் ஒயினைச் செய்து துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இரண்டு நாட்டுக்கும் லாபம். எல்லாவற்றிலும் பின்தங்கிய நாட்டுக்கும் உலகில் ஒரு வேலை உண்டு என்பதுதான் அந்தக் கணக்கின் அழகு. ஃப்ரீட்மன் ரிக்கார்டோவுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அவர் சொன்னது இன்றும் சரிதான் என்று முடிக்கிறார்.

சரி. ஆனால் அந்த 90 போர்ச்சுகீசிய நெசவாளிகளிடம் போய் யாராவது கேட்டார்களா? கணக்கில் அவர்கள் மறுநாள் காலை திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். நிஜத்தில் நாற்பது வயது நெசவாளி போக மாட்டான். 2013-இல் டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன் மூவரும் சீன இறக்குமதியால் அடிவாங்கிய அமெரிக்கப் பகுதிகளை ஆராய்ந்து இதைத்தான் காட்டினார்கள். வேலை போன ஊர்களில் அது லேசில் திரும்பி வரவில்லை. அந்த உள்ளூர் அடியின் ஆழத்தைத் தன்னைப் போன்றவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று க்ருக்மனே 2019-இல் எழுதினார். நாட்டுக்கு நிஜமான ஆறுதல், ஆளுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

படியில் இன்னும் இறங்கினால் வித்தியாசம் கூடுகிறது. போட்டியில் பின்தங்கும் நாடு தன் நாணயத்தின் மதிப்பை இறங்க விடலாம். 2013 மே தொடக்கத்தில் டாலருக்கு 54 ரூபாய் அளவில் இருந்தது, ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது. டாலரில் பில்லிங் செய்யும் இந்திய ஐ.டி. கம்பெனிகள் அந்த நான்கு மாதத்தில் தானாகவே மலிவாயின. எந்த இன்ஜினியரும் அந்தக் கோடையில் திடீர்ப் புத்திசாலி ஆகிவிடவில்லை. பின்தங்கும் கம்பெனிக்குத் திவால் சட்டம் இருக்கிறது. பங்குதாரர் போட்ட பணத்துக்கு மேல் இழப்பதில்லை. பின்தங்கும் ஆளுக்கு என்ன இருக்கிறது? அவனுக்கு நாணயமும் கிடையாது, திவாலாகி மறுநாள் வேறு பெயரில் பிறக்கவும் முடியாது. ஒரு நாளின் 24 மணி நேரம் இருக்கிறது. சமாளிக்க வேண்டுமென்றால் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கணும்.

அப்படியே கேட்டும் விட்டார்கள். 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி, இந்தியாவின் உற்பத்தித்திறன் உலகிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று, அதனால் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க முன்வர வேண்டும் என்றார். சமூக வலைத்தளங்களில் எல்லோரும் தூக்கத்தையும் குடும்பத்தையும் பற்றிச் சண்டை போட்டார்கள். எனக்குக் கணக்குதான் இடித்தது. உற்பத்தித்திறன் ஒரு வகுத்தல்: கிடைத்த விளைவை உழைத்த நேரத்தால் வகுப்பது. நேரம் கீழே இருக்கிறது. கீழே உள்ள எண்ணைக் கூட்டி விடையைக் கூட்ட முடியாது. நல்ல இயந்திரம், நல்ல சாலை, நல்ல நிர்வாகம், நல்ல பள்ளிக்கூடம் என்று மேலே உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒரே வாக்கியத்துக்குள் 23 வயதுப் பையனின் சனிக்கிழமையாகச் சுருங்கிவிட்டது. ஃப்ரீட்மன் 500 ஆண்டு வரலாறாக விரித்த இறக்கம் இங்கே ஒரே மூச்சில் நடந்தது.

நிறுவனத்துக்குள் இது எப்படி இருக்கும் என்று ஐ.டி.யில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜி.இ.யில் ஜாக் வெல்ச் ஊழியர்களை 20, 70, 10 என்று பிரித்துக் கடைசி 10 சதவீதத்தை வெளியே அனுப்பச் சொன்னார். மைக்ரோசாஃப்ட் இதுபோன்ற முறையை 2013-இல் கைவிட்டது, ஜி.இ.யும் அதை விட்டுவிட்டது. நம் ஊரில் 'பெல் கர்வ்' என்ற பெயரில் அது நெடுநாள் குடியிருந்தது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் டீமில் ஒருவருக்குக் கடைசி ரேட்டிங் கொடுத்தே ஆக வேண்டும். மேனேஜர் அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "உங்க வேலைல குறையே இல்லம்மா. யாரையாவது அந்த பக்கெட்ல வைக்கணும்ல." புள்ளியியல் முதல் தாளில் தேறிய எவருக்கும் தெரியும், பன்னிரண்டு பேரை வைத்து மணி வடிவம் வராது. ஆனாலும் வரைந்தார்கள். அடுத்த ஆறு மாதம் அந்த டீமில் யாரும் யாருக்கும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைக்கவில்லை. கம்பெனியின் போட்டித்திறனுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வேலை நடக்கும் இடத்தையே அடைத்துவிட்டது.

ஒரே இரவில்

மூன்றாம் கட்டம் தனி மனிதர்களுடையது என்ற வாதத்துக்கு 2025-ஐவிடக் கடுமையான தேர்வு கிடையாது.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்த ஊரிலிருந்து போகிறது. நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஊரே ஒரு தொழிற்சாலை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதில் பாதி, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 சதவீதம். ஆகஸ்ட் 26 ராத்திரி பவர் டேபிளை அணைத்துவிட்டுப் போன டெய்லரும் மறுநாள் காலை வந்து உட்கார்ந்த டெய்லரும் ஒரே ஆள். அதே கை, அதே வேகம், அதே பீஸ் ரேட். ஆனால் அவர் தைத்த டி-ஷர்ட்டின் போட்டித்திறன் இரவோடு இரவாகச் சரிந்திருந்தது. எங்கோ யாரோ வாங்கிய கச்சா எண்ணெய்க்கு.

ஐ.டி.க்காரர்களுக்கும் முறை வந்தது. செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. ஃப்ரீட்மனின் மூன்றாம் கட்ட நாயகன் என்றால் அது ஆன்சைட் கனவோடு இருக்கும் இந்திய இன்ஜினியர்தான். அவனுடைய விலையை ஒரு கையெழுத்து மாற்றியது.

ஆக முதல் கட்டம் முடியவே இல்லை. நாடுகள் இன்றும் முடிவெடுக்கின்றன. இரண்டாம் கட்டமும் முடியவில்லை. கம்பெனிகள் எங்கே வாங்குவது, எத்தனை பேரை அனுப்புவது என்று முடிவெடுக்கின்றன. முடிவெடுக்கும் உரிமை மேலே இருந்த இடத்திலேயே இருக்கிறது. படி இறங்கி வந்தது முடிவின் விளைவும், 'நீ அப்டேட் ஆகல' என்ற பழியும்தான். தட்டை உலகம் என்ற உருவகத்தின் பெரிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன். வேலை போன டெய்லரும் ரேட்டிங் இழந்த பெண்ணும் நாலாபுறமும் பார்த்தால் சமவெளி. மேலே யாரும் உட்கார்ந்திருப்பதாகத் தெரியாது. அப்போது மிச்சம் இருப்பது தன்னையே நொந்துகொள்வது.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் குறியீடு எழுதும் ஒருவனைப் பார்த்தால் எனக்கும் பொறாமை வருகிறது, அந்தப் பொறாமையில் இரண்டு விஷயம் கற்கவும் செய்கிறேன். கற்றல் ஒருவனுக்குள் நடப்பது, அதற்குப் பயம் தேவையில்லை. அதையும் நாட்டின் ஏற்றுமதிக் கணக்கையும் ஒரே சொல்லால் அழைப்பதுதான் பிரச்சினை. அடுத்த முறை மேடையில் ஒருவர் 'போட்டித்திறனை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்றால், எந்தப் படியில் நின்று பேசுகிறார் என்று கவனியுங்கள். நாட்டைப் பற்றி என்றால் அது சாலை, மின்சாரம், பள்ளிக்கூடம், வரி ஒப்பந்தம் பற்றிய பேச்சு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அரசாங்கம். கம்பெனியைப் பற்றி என்றால் அது முதலீடும் நிர்வாகமும். பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. இரண்டையும் சொல்லாமல் நேராக உங்களைப் பார்த்து விரலை நீட்டினால், எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம், தப்பில்லை.

'தி வேர்ல்ட் இஸ் ஃப்ளாட்' இன்னும் படிக்கத் தகுந்த புத்தகம்தான். கேபிளும் மென்பொருளும் வேலையை எப்படித் துண்டு துண்டாக நறுக்கி உலகெங்கும் பரப்பின என்பதற்கு அதன் முற்பாதி நல்ல ஆவணம். பிற்பாதியை, அறிவுரைப் பகுதியை, அது யாருடைய மகள்களுக்காக எழுதப்பட்டதோ அவர்களை மனதில் வைத்துப் படியுங்கள். அதில் ஒரு சீனத் தொழிற்சாலையின் சுவரில் ஒட்டப்பட்ட ஆப்பிரிக்கப் பழமொழி வருகிறது. மானாக இருந்தாலும் சிங்கமாக இருந்தாலும் சூரியன் உதித்ததும் ஓடத் தொடங்கு என்பது அதன் சாரம். அந்தச் சுவருக்கு எதிரே நின்று வேலை செய்தவர்களிடம் ஃப்ரீட்மன் பேசவில்லை. அவர்கள் அதை என்னவென்று படித்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. அந்தப் புத்தகத்தை இனி யாராவது அவர்கள் பக்கத்திலிருந்து எழுத வேண்டும். திருப்பூரிலிருந்தோ ராயபுரத்திலிருந்தோ தமிழில் வந்தால் இன்னும் சந்தோஷம்.